எந்தப் பெரியம்மா?

மணிமேகலை மேசைமேல் வைத்த ஜெராக்ஸ் தாள் மடிப்புகளில் நைந்து நாலாகப் பிரியத் தயாராக இருந்தது. மூன்று மாதமாக அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறாள். செத்துப்போன தங்கை கீதா எழுதிய கடைசிக் கடிதம். எண்ணி மூன்று வரி.

‘நான் போன பிறகு என் மகள் துர்கா அவளுடைய பெரியம்மாவிடமே வளரட்டும். வேறு யாரும் உரிமை கொண்டாட வேண்டாம். இது நான் சுயநினைவோடு எழுதியது.’

கீழே கீதாவின் கையெழுத்து. அதற்கும் கீழே சாட்சி என்று போட்டு ஒரு கோணல்மாணல் எழுத்து: பூங்காவனம், சந்தவாசல். தேதி போன டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை.

“கையெழுத்து உங்க தங்கச்சிதுதானா?” என்று கேட்டார் தருமன்.

“அவளுதுதான். கோர்ட்லயே ஒத்துக்கினேன்.”

தருமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்திரண்டு வருஷம் கோர்ட் அமீனாவாக இருந்து, ஊரில் பாதி வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டியவர். ஓய்வுபெற்றதும் ஆரணி பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு டீக்கடை மாடியில், ‘தனியார் விசாரணை’ என்று பலகை மாட்டிக்கொண்டார். அவருக்கு உதவியாள் பாஞ்சாலை. நாற்பத்தைந்து வயது, சொந்த ஆட்டோ. அதற்கு முன்னால் வீடு வீடாகக் கேபிள் இணைப்புக் கொடுத்த வகையில், எந்த வீட்டில் யாருக்கு யாரோடு பேச்சு இல்லை என்பது வரைக்கும் அவளுக்கு அத்துப்படி.

“தருமன், பாஞ்சாலைன்னு பேரப் பாத்துட்டு புருஷன் பொண்டாட்டின்னு நினைச்சுக்காதீங்கம்மா,” என்று வந்ததுமே மணிமேகலையிடம் சொல்லியிருந்தாள். “சூதாடினா என்னைப் பந்தயம் வைக்கற உரிம இவருக்குக் கிடையாது.”

மணிமேகலை சிரிக்கவில்லை. சிரித்து எட்டு மாதமாகிறது.

வழக்கு இதுதான். கீதாவின் கணவன் ஜெயக்குமார் மூன்று வருஷம் முன்பு விபத்தில் போனான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரமே அவனுடைய அண்ணன் கமலக்கண்ணன், பட்டு வியாபாரி, கீதாவையும் ஐந்து வயதுப் பெண் துர்காவையும் வீட்டைவிட்டு வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டினான். தன் பேச்சை மீறித் தம்பி கட்டிக்கொண்டவள் என்ற பழைய கோபம். பிறகு கீதாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டது. செவ்வாயும் வெள்ளியும் வேலூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். எட்டு மாதத்துக்கு முன் அவளும் போய்விட்டாள். சுடுகாட்டிலிருந்து ஆட்கள் திரும்பி வருவதற்குள், அதே கமலக்கண்ணன் மணிமேகலையின் கையிலிருந்த துர்காவைப் பிடுங்கிக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். ‘எங்க வூட்டுப் புள்ள. நீங்க உங்க ஊரு தேசூருக்குப் போய்ச் சேருங்க’ என்றான்.

பாசம் ஒன்றும் இல்லை. வீட்டில் ஜெயக்குமாரின் பாதி இப்போது துர்காவின் பாதி. காப்பாளர் கையில்தான் அது இருக்கும்.

அவனும் அவன் மனைவி குணசுந்தரியும் சேர்ந்து காப்பாளர் மனுப் போட்டார்கள். மணிமேகலை எதிர்மனுப் போட்டாள். கீதாவின் பெட்டியில் கிடைத்தது என்று கமலக்கண்ணன் இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினான். அப்பாவின் அண்ணன் மனைவி பெரியம்மா. ஆகவே குணசுந்தரி. மணிமேகலையின் வக்கீல் எழுந்தார். அம்மாவின் அக்காவும் பெரியம்மாதான், அதுவும் கூடப்பிறந்தவள். ஆகவே மணிமேகலை. நீதிபதியம்மா இரண்டு பெரியம்மாக்களையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, சாட்சியைக் கொண்டுவரச் சொன்னார். சந்தவாசலில் பூங்காவனம் என்ற பெயரில் ஒரு பெண்மணி இல்லை என்று நோட்டீஸ் திரும்பி வந்தது. திங்கட்கிழமை கடைசி வாய்தா. இன்று சனி.

“எனக்கு அவங்க ரெண்டு பேரும் கோர்ட் வாசல்ல தலைகுனிஞ்சு நிக்கணும்,” என்றாள் மணிமேகலை. “அவன் மட்டும் இல்ல. அந்தக் குணசுந்தரியும். கதவ அவன் பூட்டினப்ப உள்ள நின்னு பாத்துகினு இருந்தவ அவ.”

துர்காவைப் பார்க்க மாதம் ஒரு மணி நேரம் கோர்ட்டில் அனுமதி கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தையும் மணிமேகலை விசாரணைக்கே செலவழித்தாள். என்ன சாப்பாடு போட்டார்கள், திட்டினார்களா, அடித்தார்களா, அம்மா படத்தை எடுத்துவிட்டார்களா. குழந்தை ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுச் செருப்பு வாரைத் திருகிக்கொண்டிருக்கும். பதில்களை வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் எழுதி வைப்பாள் மணிமேகலை.

தருமன் இன்னொரு கேள்வி கேட்டார். குழந்தை உங்களை எப்படிக் கூப்பிடும்?

மணிமேகலை ஒரு கணம் தாமதித்தாள். “பெரியம்மான்னுதான்.” முறைக்கு அதுதானே.

தருமன் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். “பாஞ்சாலை, இந்தச் சாட்சி கையெழுத்தப் பாத்தா இன்னா தோணுது?”

“கையெழுத்து மட்டும் போடக் கத்துக்கினவங்க. எழுத்து ஒவ்வொண்ணும் வேற வேற ஊருக்குப் பஸ் ஏறுது.”

“எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க. எழுதப் படிக்கத் தெரியாத கிழவின்னு தேடினாங்க. ஆனா எழுத்துப் பிழையே இல்ல. மெய்யெழுத்துக்கு எல்லாம் புள்ளி வச்சிருக்கு, ஊரு பேருக்கு முன்னாடி கமா போட்டிருக்கு. படிச்ச ஆளு. இங்க பாருங்க, மை வலப்பக்கமா இழுபட்டிருக்கு. ஈரம் காயறதுக்குள்ள எழுதின கையே மேல தேச்சுகினு போயிருக்கு. இடது கை.”

“பழக்கமில்லாத இடது கை,” என்றாள் பாஞ்சாலை.

“வலது கைய வேற எங்கியோ குடுத்துட்ட ஆளு. தேதி வெள்ளிக்கிழம. வெள்ளிக்கிழம உங்க தங்கச்சி எங்க இருப்பாங்க?”

மணிமேகலைக்குப் புரிந்தது. பக்கத்துப் படுக்கை. கையில் குழாய் செருகி, அசைக்கக் கூடாது என்று கட்டிப்போட்ட இன்னொரு நோயாளி.

எழுந்திருக்கும்போது தருமன் ஒன்று சொன்னார். கடிதத்தைக் கோர்ட்டில் கொடுத்தது கமலக்கண்ணன் தரப்பு. சாட்சி வந்தால் லாபம் அவர்களுக்கு. நோட்டீஸ் திரும்பி வந்ததும் அவர்கள் ஏன் ஒரு அடி எடுத்து வைத்துத் தேடவில்லை?

“சாட்சி வந்தா அவங்க குட்டு வெளிப்பட்டுடும். அதான்,” என்றாள் மணிமேகலை. அவள் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக வெளிச்சம் வந்தது.

தருமன் தாளை மடித்து அவளிடம் கொடுத்தார்.

கண்ணமங்கலம் கூட்டுச் சாலையில் பாஞ்சாலை ஆட்டோவை நிறுத்தினாள். ஆரணிப் பக்கத்திலிருந்தும் சந்தவாசல் பக்கத்திலிருந்தும் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகள் இங்கேதான் சேர்வார்கள். ஊசி போட்ட உடம்போடு பஸ்ஸில் தொங்க முடியாதவர்கள் நாலு பேராகச் சேர்ந்து வாடகைக் கார் வைத்துக்கொள்வது வழக்கம். மருந்துக் கடைக்காரரைக் கேட்டதும், செவ்வாய், வெள்ளி டயாலிசிஸ் ஆட்களை ஏற்றிப்போவது சின்னப்பையன் என்றார்.

டாக்ஸி நிற்கும் இடத்தில் மூன்று இளைஞர்கள் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஞ்சாலை அவர்களிடம் சின்னப்பையன் யார் என்று கேட்டாள். அவர்கள் கை காட்டிய திசையில், வெள்ளை மீசையும் மூக்குக் கண்ணாடியுமாக அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பேர நம்பி வந்திருந்தா ஸ்கூல் வாசல்ல தேடியிருப்போம்,” என்றாள் பாஞ்சாலை.

தருமன் நடந்துகொண்டிருந்தவர் நின்றார். பாஞ்சாலையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வேகமாகச் சின்னப்பையனிடம் போய், பூங்காவனம் என்கிற ஆம்பளை ஒருவர் உங்கள் வண்டியில் வருவாரா என்று கேட்டார்.

“லைன்மேன் பூங்காவனமா? கரண்டு ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. நேத்துகூட வந்தாரே.”

மணிமேகலைக்குத் தன் வக்கீலின் மேல் கோபம் வந்தது. தன் மேலும். இந்தப் பக்கத்தில் ஆணுக்கும் வைக்கிற பேர்தான். கோணல் எழுத்தைப் பார்த்துக் கிழவி என்று ஒருவர் சொல்ல, கோர்ட் முதல் கிராம அலுவலகம் வரை எல்லோரும் ஒரு கிழவியையே தேடியிருக்கிறார்கள்.

“ஜல்தி போலாம்,” என்று ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். தருமன் மட்டும் சின்னப்பையனிடம் மேலும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். சின்னப்பையன் கையால் ஒரு பொட்டலத்தின் அளவைக் காட்டினார். திரும்பி வந்த தருமனின் முகம் மாறியிருந்தது. மணிமேகலை அதைக் கவனிக்கவில்லை. அவள் மனசுக்குள் திங்கட்கிழமை நடந்துகொண்டிருந்தது. பூங்காவனம் கூண்டில் ஏறுகிறார். மணிமேகலையைக் கை காட்டுகிறார். குணசுந்தரி முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கமலக்கண்ணன் யார் கண்ணிலும் படாமல் வெளியேறப் பார்க்கிறான். படி இறங்கும்போது அவன் எதிரில் போய் நின்று என்ன சொல்வது என்பதைத்தான் அவள் ஒத்திகை பார்த்தாள்.

பூங்காவனம் வீட்டுக்குப் பின்னால், வேப்ப மரத்தடியில் நைலான் கட்டிலில் சாய்ந்திருந்தார். வலது முன்கையில் நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. இடது கை நரம்பு இரண்டு வருஷத்துக்கு முன்பே பழுதாகி, வலது கைக்கு மாற்றிவிட்டார்களாம். தருமன் விஷயத்தைச் சொல்லி, இவர் கீதாவின் அக்கா என்றதும் அந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மணிமேகலையின் முகத்தை ஆசையோடு பார்த்தார்.

“அப்படியே கீதா ஜாடை. நீங்கதான் மணிம்மாவா?” என்றார். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “பெரியம்மா வரலியா?”



துர்கா பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு மணிமேகலை மணிம்மாதான். கீதாவும் பிள்ளையோடு சேர்ந்து அப்படியே சொல்லுவாள். பெரியம்மா என்று அந்தக் குழந்தை கூப்பிட்டது ஒரே ஒருத்தியைத்தான். இது இந்த மூன்று மாதமாக அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை நினைக்காமல் இருந்தாள், அவ்வளவுதான்.

பூங்காவனம் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. கடைசி ஒன்றரை வருஷம் ஒரு செவ்வாய் வெள்ளிகூட விடாமல் கீதாவுடன் வந்தவள் குணசுந்தரி. படவேடு அம்மன் கோயிலுக்கு வேண்டுதல் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு ஆரணியில் பஸ் ஏறுவாள். கண்ணமங்கலத்தில் இறங்கிச் சின்னப்பையன் காரில் ஏறிக்கொள்வாள். நாலு மணி நேரம் கீதாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, குளிரில் விறைக்கும் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். வாந்தி எடுத்தால் கையில் ஏந்துவாள். வீட்டில் காட்டுவதற்காகச் சின்னப்பையன் படவேட்டுக் குங்குமப் பொட்டலம் மொத்தமாக வாங்கி வண்டியில் வைத்திருப்பார்.

“ஒன்ற வருஷம் போயும், படவேட்டு அம்மனுக்கு அவங்கள அடையாளம் தெரியாது,” என்றாள் பாஞ்சாலை மெதுவாக. அதை யாரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

தருமனுக்கு விடை கிடைத்துவிட்டது. சாட்சியைத் தேடினால் அந்தப் பயணங்கள் புருஷனுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் குணசுந்தரி தனக்குச் சாதகமான சாட்சியைத் தெரிந்தும் வாய் மூடி இருந்தாள்.

“எழுதறப்ப இன்னா சொன்னா?” என்று கேட்டாள் மணிமேகலை. “ஏன் எனக்கு இல்ல?”

பூங்காவனம் தயங்கினார். அதெல்லாம் எதற்கு என்றார். அவள் விடவில்லை.

“நானும் அதத்தாம்மா கேட்டேன். கூடப்பிறந்த அக்கா இருக்கறப்ப ஓரகத்தி எதுக்குன்னு. கீதா சொல்லிச்சு: ‘எங்க அக்காவுக்கு எம்மேல உசுரு. ஆனா துர்காவ அவகிட்ட குடுத்தா அவ புள்ளைய வளக்க மாட்டா. பகையத்தான் வளப்பா.’”



மணிமேகலைக்குக் கீதா தன் வீட்டில் இருந்த ஏழு நாட்கள் நினைவுக்கு வந்தன. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டதும் கீதா பிள்ளையோடு நேராகத் தேசூருக்குத்தான் வந்தாள். மணிமேகலை அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாள் காலையிலேயே வக்கீலிடம் இழுத்துக்கொண்டு போனாள். கேஸ் போடு, போலீஸில் எழுதிக்கொடு, அவன் கையில் விலங்கு மாட்டிப் பார்க்காமல் விடக்கூடாது. சோறு போடும்போதும் அதே பேச்சு. பிள்ளை தூங்கும்போதும் அதே பேச்சு. ‘எனக்குக் கொஞ்ச நாள் சும்மா இருக்கணும் மணிம்மா’ என்று கீதா கெஞ்சினாள். ரோஷம் இல்லாதவளுக்கு என் வீட்டில் இடம் இல்லை, கேஸ் போட்டுவிட்டு வா என்று மணிமேகலை சொன்னாள். கோபத்தில் சொன்னதுதான். கீதா அன்றைக்கே துணிப்பையை எடுத்துக்கொண்டு ஆரணிக்குத் திரும்பி, கொசப்பாளையத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டாள். பிறகு கூப்பிட்டபோதெல்லாம் நல்லாருக்கேன் என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும் வழியில் மணிமேகலை அழவில்லை. ஆட்டோ கண்ணமங்கலம் தாண்டியதும் பேசினாள். இந்த ஆள் திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வரக்கூடாது. அவரைப் பார்த்ததே வெளியில் தெரியக்கூடாது. அவர்களாகத் தேடி வரப்போவதில்லை. சாட்சி இல்லை என்றால் கூடப்பிறந்தவள் பக்கம்தான் தீர்ப்பு சாயும்.

“உங்களுக்குத்தான் வேல பாக்கறேன்,” என்றார் தருமன். “நீங்களா சொல்லாம நான் யாருகிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா கோர்ட்டு என்னைக் கூப்பிட்டுக் கேட்டா, பாத்தத சொல்லுவேன். பாக்கலன்னு சொல்ல மாட்டேன்.”

மணிமேகலை யோசித்தாள். அவள் கைக்கு வந்திருப்பது வெறும் தோல்வியா? குணசுந்தரியின் ஒன்றரை வருஷ ரகசியம் இப்போது அவளிடம் இருக்கிறது. அது தெரிந்தால் கமலக்கண்ணன் பெண்டாட்டியை என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியும். தம்பி பெண்டாட்டியைத் தெருவில் நிறுத்தியவனுக்குத் தன் பெண்டாட்டியை நிறுத்த எத்தனை நேரம் ஆகும்? கீதா அக்காவை ஒதுக்கிவிட்டுத் தேர்ந்தெடுத்தது இவளையா? சரி, இருக்கட்டும். பார்க்கலாம்.

ஆட்டோவைப் பட்டுக்காரத் தெருவுக்கு விடச் சொன்னாள். தருமன் வேண்டாம் என்றார். அவள் கேட்கவில்லை.

மாலை நாலு மணி. கமலக்கண்ணன் வீட்டு முன்கூடத்தில் பாய்மேல் சேலைகளைப் பரப்பி, வெளியூருக்கு அனுப்ப மடித்துக்கொண்டிருந்தான். துர்கா டியூஷனுக்குப் போயிருந்தாள். உள்கதவருகே குணசுந்தரி நின்றிருந்தாள், ஒடிசலாக, நரை விழுந்த தலையோடு. மணிமேகலையைக் கண்டதும் கமலக்கண்ணன் எழுந்தான்.

“இன்னா, சமாதானம் பேச வந்தியா?”

“ஒரு விஷயம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். உங்க பொண்டாட்டி ஒன்ற வருஷம் செவ்வாய் வெள்ளி படவேடு போனாங்களே, அங்க எந்த அம்மனப் பாத்தாங்கன்னு கேட்டீங்களா?”

குணசுந்தரியின் முகம் வெளிறிப்போனதை மணிமேகலை கண்ணாரப் பார்த்தாள். எட்டு மாதம் இதற்காகத்தான் காத்திருந்தாள். கமலக்கண்ணன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். மணிமேகலை அடுத்த வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் குணசுந்தரி முன்னால் வந்துவிட்டாள்.

“கீதாவப் பாத்தேன்,” என்றாள். “ஆஸ்பத்திரியில. அது சாகற வரைக்கும் நான்தான் கூட இருந்தேன்.”

கமலக்கண்ணனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் சேலைகளை மிதித்துக்கொண்டு வந்து கையை ஓங்கினான்.

குணசுந்தரி நகரவில்லை.

“அடிங்க. திங்கக்கெழம ஜட்ஜம்மா என் கன்னத்தப் பாத்து, இது இன்னான்னு கேப்பாங்க.”

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. வாசற்படியில் நின்ற பாஞ்சாலை, அமீனா சாரும் சாட்சி, தானும் சாட்சி, சேலைமேல் கால் வைத்திருக்கிறார், கீழே இறங்கச் சொல்லுங்கள் என்றாள்.

மணிமேகலை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கமலக்கண்ணன் பயந்து இன்றுதான் பார்க்கிறாள். அவன் பயப்படுவது அவளுக்கு அல்ல, அவளுடைய வக்கீலுக்கும் அல்ல. இத்தனை வருஷம் பேசாமல் இருந்த இவளுக்கு. அந்த நொடியில் மணிமேகலைக்கு எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. கொண்டுவந்த கத்தியை ஆள் மாற்றிக் குத்தப் பார்த்திருக்கிறாள்.

“மனுவுல இருந்து இந்தாளு பேர எடுத்துடு,” என்றாள் குணசுந்தரியிடம். “நீ தனியா நில்லு. கடுதாசில பெரியம்மான்னுதான் இருக்கு, பெரியப்பான்னு இல்ல. என் மனுவ நான் வாபஸ் வாங்கிக்கறேன். பூங்காவனத்த நானே கூட்டிகினு வரேன்.”

“உனக்கு எம்மேல இன்னாத்துக்கு இந்த தயவு?” குணசுந்தரி நம்பவில்லை.

“தயவு இல்ல. கதவ இந்தாளு பூட்டினப்ப நீ உள்ள நின்னுகினு இருந்தே. அத நான் மறக்க மாட்டேன். ஆனா இந்தாளுக்கு இதவிடப் பெரிய தண்டன என்னால குடுக்க முடியாது.”

கமலக்கண்ணன் கத்தினான். வீட்டைவிட்டுப் போனால் எங்கே போவாய் என்று மனைவியைக் கேட்டான். கீதா இருந்த அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, தனக்குத் தறி தெரியும் என்று சொல்லிவிட்டு, குணசுந்தரி துணி எடுக்க உள்ளே போனாள். டியூஷனிலிருந்து துர்காவை அழைத்துப்போக ஆட்டோவைத் தயாராக வைத்துக்கொண்டாள் பாஞ்சாலை.

திங்கட்கிழமை எல்லாம் மணிமேகலை நினைத்தபடியே நடந்தது. நினைத்ததைவிட நன்றாகவே நடந்தது. பூங்காவனம் கூண்டில் உட்கார்ந்தபடி சாட்சி சொன்னார். அடுத்து மணிமேகலை ஏறினாள். ஜெயக்குமாரின் காரியம் முடிந்த மறுவாரமே கீதாவும் ஐந்து வயதுப் பிள்ளையும் எப்படித் தெருவில் நின்றார்கள், கதவுக்கு உள்ளேயிருந்து கமலக்கண்ணன் என்ன சொன்னான், சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்புவதற்குள் எப்படிப் பிள்ளையைப் பிடுங்கிப் போனான் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் அவன் முகத்தில் போய் விழும்படி நிதானமாகச் சொன்னாள். துர்காவைத் தனியே அழைத்துப் பேசிய பிறகு நீதிபதியம்மா உத்தரவு போட்டார். குழந்தைக்குக் காப்பாளர் குணசுந்தரி ஒருவர் மட்டும். வீட்டில் குழந்தையின் பங்கு பதினெட்டு வயதுவரை கோர்ட்டின் மேற்பார்வையில். மணிமேகலை எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

கோர்ட் வாசலில் கமலக்கண்ணன் பைக்கைப் பிடித்துக்கொண்டு மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். முதலில் அதட்டலாக, அப்புறம் கெஞ்சலாக. தெரிந்த வியாபாரிகள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குணசுந்தரி திரும்பாமல் பாஞ்சாலையின் ஆட்டோவில் ஏறினாள். மணிமேகலை அங்கிருந்து நகரவில்லை. அவன் பைக்கைக் கிளப்ப முடியாமல் மூன்று முறை உதைத்து, நாலாவது முறை கிளம்பிப் போய், தெருமுனையில் மறையும்வரை நின்று பார்த்தாள். தருமன் வந்து போய்வரேன் என்று சொன்னது அவள் காதில் விழவில்லை.

தேசூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவன் முகத்தை ஆரம்பத்திலிருந்து மறுபடி ஓட்டிப் பார்த்தாள். தொங்கிய தலை, உதைத்த கால், கெஞ்சிய குரல். அவளையறியாமல் சிரிப்பு வந்தது. பக்கத்து சீட்டுப் பெண் என்ன விசேஷம் என்று கேட்டாள். கேஸ் ஜெயித்துவிட்டோம் என்றாள் மணிமேகலை. யாருக்காகக் கேஸ் என்று அந்தப் பெண் கேட்டாள். தங்கச்சி பிள்ளைக்காக, எட்டு வயசு என்றாள். பிள்ளை சந்தோஷமாக இருக்கிறதா என்று கேட்டாள் அந்தப் பெண்.

மணிமேகலை பதில் சொல்ல வாயெடுத்தாள்.

துர்கா காலையிலிருந்து அங்கேதான் இருந்தாள். வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள், உள்ளே போய் வந்தாள், ஆட்டோவில் ஏறினாள். ஏறும்போது திரும்பிப் பார்த்தாளா? கை காட்டினாளா? அழுதிருந்தாளா? என்ன சட்டை போட்டிருந்தாள்? மணிமேகலை எவ்வளவு யோசித்தும் கமலக்கண்ணனின் முகம்தான் வந்தது. காலையிலிருந்து மாலைவரை அந்தக் குழந்தையின் முகத்தை அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

சேத்துப்பட்டில் பஸ் நின்றது. நடத்துனர் ஊர் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் மணிமேகலை எழுந்து, நிற்கிறவர்களை விலக்கிக்கொண்டு இறங்கினாள். எதிர்ப்பக்கம் ஆரணி பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. கையை ஆட்டிக்கொண்டே ரோட்டைக் கடந்து ஓடினாள்.